அக்ரிலிக் கேனபியில் இறுகிப்போன எபாக்ஸியை எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிறு விமானத்துக்கோ கிளைடருக்கோ கேனபி (விமானி அறையை மூடும் ஒளிபுகும் அக்ரிலிக் பிளாஸ்டிக் மூடி) ஒட்டுகிறவர்களில் ஒரு சொட்டு எபாக்ஸிப் பசைகூட வழியாமல் வேலையை முடிப்பவர்கள் குறைவு. கிளைடரில் பஞ்சுத்தூள் கலந்த பசை ஃபிரேம் விளிம்பில் பிதுங்கி வெளியே வரும். பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஇசட் போன்ற விமானங்களில் ஃபைபர்கிளாஸ் துணி போர்த்தும்போது கேனபியைக் காக்க ஒட்டிய டேப்புக்கு அடியில் கசியும். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. ரக விமானத்தில் முன்பக்க ஃபேரிங் (இணைப்பை மூடும் வழவழப்பான உறை) கட்டும்போது பிரஷ்ஷிலிருந்து தெறிக்கும். அன்றைக்கே கண்ணில் பட்டால் பாதி வேலை மிச்சம். ஆனால் வாரங்கள் கழித்து டேப்பை உரிக்கும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். அதற்குள் அது கல்லாகியிருக்கும்.

அந்தக் கல்லை, பார்வை கெடாமலும் கேனபியில் பின்னாளில் விரிசல் விழாமலும் எப்படி எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. சொந்தமாகக் கட்டும் விமானங்கள், கிளைடர்கள், கேபினில் காற்றழுத்தம் ஏற்றப்படாத சிறு விமானங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். காற்றழுத்தம் ஏற்றும் விமானத்தில் ஜன்னல் அக்ரிலிக் சுமை தாங்கும் பாகம். அதில் ஒரு கீறலுக்குக்கூடக் கணக்கு உண்டு. அதைத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடும் உரிமம் பெற்ற பொறியாளரும் பார்த்துக்கொள்ளட்டும்.

கரைப்பானை நம்பாதீர்கள்

பிசின் வேலை செய்து பழகிய கை தானாகவே அசிட்டோன் டப்பாவைத் தேடும். தரையில் சிந்தினாலும் கத்தரிக்கோலில் ஒட்டினாலும் அதுதானே துடைக்கிறது! கேனபியில் அது அப்படியே தலைகீழ்.

முழுதாக இறுகிய எபாக்ஸி எதிலும் கரையாது. பிசினும் ஹார்டனரும் வினைபுரிந்து முப்பரிமாண வலையாகப் பின்னிக்கொண்டபின், அது தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்து திரவத்தில் கலக்க வழியே இல்லை. வலிமையான சில கரைப்பான்கள் அதை ஊதிப் பெருக்கச் செய்யும், அவ்வளவுதான். அக்ரிலிக் வேறு ரகம். அதன் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே குறுக்குக் கட்டு கிடையாது. ஏற்ற கரைப்பான் பட்டால் அவிழ்ந்து கரைந்துவிடும். பெயின்ட் நீக்கிகளில் எபாக்ஸியையும் ஊதவைப்பதற்குப் பேர்போன மெத்திலீன் குளோரைடைத்தான் அக்ரிலிக் ஷீட்டுகளை ஒன்றோடொன்று உருக்கி ஒட்டவும் பயன்படுத்துகிறார்கள். எபாக்ஸியை அசைக்கும் திறன் உள்ள எந்தத் திரவமும் அதற்கு முன்பே கேனபியைத் தின்றுவிடும்.

கரைவதைவிட மோசமானது ஒன்று உண்டு: கிரேஸிங் எனப்படும் மயிரிழை விரிசல்கள். கேனபியை வளைத்து ஃபிரேமில் உட்கார்த்தியதிலும், துளையிட்டதிலும், விளிம்பை அறுத்ததிலும் அக்ரிலிக்கினுள் இழுவிசை தங்கியிருக்கும். கரைப்பானின் ஆவி பட்டாலே போதும், அந்த இழுவிசை மேற்பரப்பைக் கீறிக்கொண்டு வெளியே வரும். சில நேரம் கண்ணெதிரே வரும். சில நேரம் பல நாள் கழித்து, சூரியன் எதிரே இருக்கும்போது ஆயிரம் வெள்ளிக் கோடுகளாகத் தெரியும். வந்தபின் மருந்து கிடையாது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி ஆவணம் பிளாஸ்டிக் ஜன்னலில் தொடக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது: பெட்ரோல், ஆல்கஹால், பென்சீன், அசிட்டோன், கார்பன் டெட்ராகுளோரைடு, தீயணைப்பான் திரவம், பனி நீக்கும் திரவம், லாக்கர் தின்னர், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே. இதில் எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்), டொலுவீன் என்ற கரைப்பான்களையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். வினிகர் வேலை செய்கிறதே என்பார்கள். இறுகாத, இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும் எபாக்ஸியைத் துடைக்க அது உதவும். இறுகியதன்மேல் ஊற்றினால் வாசனைதான் மிச்சம்.

இத்தனைக்கும் அக்ரிலிக் சாதுவான பொருள். இரண்டாம் உலகப் போரில் கேனபி சில்லுகள் கண்ணில் தைத்த பிரிட்டிஷ் விமானிகளுக்கு, அந்தச் சில்லுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். 1949-ல் அதே பொருளில் அவர் பொருத்திய லென்ஸ்தான் இன்றைய கண்புரை அறுவைக்கு வழி திறந்தது. மதுரையில் ஆரோலேப் நிறுவனம் 1992-லிருந்து தயாரித்து வரும் உள்விழி லென்ஸ்களுக்கும் மூலம் அதுவே. கண்ணுக்குள் ஆயுள் முழுக்கச் சும்மா இருக்கும் பொருள், ஒரு பஞ்சளவு அசிட்டோனைத் தாங்காது.

உங்கள் பக்கம் இருப்பது சூடு

வேதியியலில் எபாக்ஸி வலியது. வெப்பத்தில் நிலைமை மாறுகிறது. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி, 50-லிருந்து 70 டிகிரி செல்சியஸுக்குள் கண்ணாடித் தன்மையை இழந்து இளகத் தொடங்கும். அக்ரிலிக்குக்கு அந்த நிலை வர ஏறத்தாழ 105 டிகிரி ஆக வேண்டும். இடையில் உள்ள இந்தச் சந்துதான் நமக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அளவாகச் சூடாக்கினால் எபாக்ஸி மெத்தென்று ஆகும், கேனபி அசையாது.

குளிர்விப்பது? உலோகத்தில் ஒட்டிய எபாக்ஸியை ஃப்ரீசரில் வைத்துத் தட்டினால் தெறிப்பது உண்மைதான். உலோகமும் எபாக்ஸியும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் அங்கே பிடி விடுகிறது. அக்ரிலிக்கும் எபாக்ஸியும் சுருங்குவது கிட்டத்தட்ட ஒரே அளவில். ஆகவே பிடி விடாது. குளிரில் கேனபி நொறுங்கும் தன்மைதான் கூடும். ஃப்ரீஸ் ஸ்பிரே பக்கம் போகாதீர்கள்.

எடுக்கத்தான் வேண்டுமா?

கருவியைத் தொடுமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

எங்கே விழுந்திருக்கிறது? விளிம்பிலிருந்து சில சென்டிமீட்டருக்குள், பின்னால் பெயின்ட் பட்டையோ ஃபேரிங்கோ மூடப்போகிற இடம் என்றால் விட்டுவிடுங்கள். மேட்டைச் சமப்படுத்திப் பெயின்ட் அடித்தால் போதும். விமானியின் நேர்ப் பார்வையில் இருந்தால் வேலையை இரண்டு மடங்கு மெதுவாகச் செய்ய வேண்டும்.

அடியில் இருப்பது வழவழப்பா, உரசிய பரப்பா? பளபளப்பான அக்ரிலிக்கில் எபாக்ஸியின் பிடி சுமார்தான், பல சமயம் முழுச் சொட்டாகவே கழன்று வரும். ஒட்டுவதற்காக உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிய இடத்தில் அது பல்லுக்குள் பல்லாகப் பிடித்திருக்கும். அங்கே நெம்பினால் அக்ரிலிக்கிலிருந்து சிப்பி வடிவில் சில்லு பெயர்ந்துவிடும்; தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இது அக்ரிலிக்தானா? சில இலகு விமானங்களில் பாலிகார்பனேட் போட்டிருப்பார்கள். மறைவான விளிம்பில் பிளேடால் மெல்லச் சீவிப் பாருங்கள். அக்ரிலிக் பொடியாகவும் சிறு துணுக்காகவும் உதிரும். பாலிகார்பனேட் சுருளாக நீண்டு வரும். பாலிகார்பனேட்டைத் தேய்த்தால் பழைய தெளிவுக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். அதேபோல மேலே ஹார்ட்கோட் பூசிய அக்ரிலிக் என்றாலும் தேய்க்கக் கூடாது, பூச்சு போய்விடும். சந்தேகம் இருந்தால் கேனபி செய்தவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, சொட்டைச் சுற்றி ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு வந்ததா, முன்பே இருந்ததா என்ற குழப்பம் வராது.

தேவையானவை

ஹேர் டிரையர் அல்லது வெந்நீர்ப் பை, கைக்கு அடக்கமான அகச்சிவப்பு வெப்பமானி, பிளாஸ்டிக் ரேஸர் பிளேடுகள், கேனபியில் அறுத்துப்போட்ட அக்ரிலிக் துண்டு, பி.வி.சி. இன்சுலேஷன் டேப், செல்லோ டேப், தச்சர்கள் வைத்திருக்கும் தட்டை ஸ்கிரேப்பர் தகடு, வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) அல்லது மைக்ரோ-மெஷ் (மிக நுண்ணிய தேய்ப்புத் துணி) தொகுப்பு, நோவஸ் போன்ற பிளாஸ்டிக் பாலிஷ், சாயம் போகாத புதிய பருத்தி பனியன் துணி, பாத்திரம் துலக்கும் மென்மையான திரவ சோப்பு. பயன்படுத்திய பனியன் வேஸ்ட் வேண்டாம். அதில் எங்கேயோ ஓர் இரும்புத் துணுக்கு ஒளிந்திருக்கும். ஹீட் கன்னைப் பட்டறையை விட்டே வெளியே வைத்துவிடுங்கள். அது சில நொடிகளில் 105 டிகிரியைத் தாண்டிவிடும்.

அறுத்துப்போட்ட துண்டு உங்களிடம் இருக்கும் மிக விலையுயர்ந்த பொருள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அதே எபாக்ஸியைச் சொட்டவிட்டு, இறுகவிட்டு, கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் முதலில் அதிலேயே செய்து பாருங்கள்.

படி 1: கழுவுவது

நிறையத் தண்ணீர் ஓடவிட்டு, வெறும் விரல் நுனியால் தடவிக் கழுவுங்கள். துணி வேண்டாம். மணல் துகள் இருந்தால் விரல் உடனே சொல்லும். துணி அதை இழுத்துக்கொண்டு கேனபி முழுக்கக் கோடு போடும். பிறகு சோப்புத் தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறித் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அலிஃபாட்டிக் நாஃப்தாவில் (அக்ரிலிக்கைத் தாக்காத ஒரு பெட்ரோலிய வடிதிரவம்) நனைத்த துணியால் லேசாகத் துடைத்துத் தண்ணீரால் கழுவலாம்.

படி 2: சுற்றிலும் காவல்

சொட்டின் விளிம்பிலிருந்து 2 மி.மீ. விட்டு, நான்கு பக்கமும் இன்சுலேஷன் டேப்பை மூன்று அடுக்காக ஒட்டுங்கள். கை வழுக்கினால் பிளேடு டேப்பில்தான் போய் நிற்க வேண்டும். மீதிக் கேனபிக்கு மேல் சுத்தமான பாலிதீன் விரிப்பு. மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் மூன்றையும் கழற்றி வையுங்கள். பக்கிளால் புதுக் கீறல் எளிதில் விழும்.

படி 3: சூடில்லாமல் ஒரு முயற்சி

பிளாஸ்டிக் பிளேடைச் சொட்டின் மிக மெல்லிய ஓரத்தில், கேனபியோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து நுழைத்துப் பாருங்கள். எபாக்ஸிக்கு அடியில் வெள்ளை நிறத்தில் காற்றுப்படலம் பரவினால் பிடி விடுகிறது என்று அர்த்தம். அந்த வெள்ளை எந்தத் திசையில் போகிறதோ அதன் பின்னாலேயே பிளேடை நகர்த்துங்கள். நெம்பித் தூக்காதீர்கள், தள்ளுங்கள். பிளேடு மழுங்கினால், அக்ரிலிக் துண்டின் ஓரத்தை உளி போலச் சரிவாகத் தேய்த்து வைத்துக்கொண்டு தள்ளலாம். கேனபியும் அதுவும் ஒரே கடினம் என்பதால் ஆழக் கீறாது.

நான்கைந்து முறை தள்ளியும் வெள்ளை பரவவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: வெதுவெதுப்பு

என் விருப்பம் வெந்நீர்ப் பை. கெட்டியான பாலிதீன் பையில் 65 டிகிரி வெந்நீரை ஊற்றிக் கட்டி, சொட்டின்மேல் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். தண்ணீர் ஆறத்தான் செய்யும், தானாக மேலே ஏறாது. அதனால் கேனபியைச் சுட்டுவிடுமோ என்ற பயமே இல்லை. ஆறினால் மாற்றி வையுங்கள். வளைந்த பரப்பில் பை நன்றாகப் படிந்து உட்காரும்.

மேல்வளைவின் உட்புறம்போல பை நிற்காத இடத்துக்கு ஹேர் டிரையர். 15–20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், சொட்டைச் சுற்றி ஒரு கையகலப் பரப்பைச் சேர்த்து மெல்லச் சூடேற்றுங்கள். சிறு புள்ளியை மட்டும் சூடாக்கினால் சுற்றியுள்ள குளிர்ந்த அக்ரிலிக் அதை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதுவே புதிய உள்விசை. வெப்பமானியை எபாக்ஸியின் மேலும் அக்ரிலிக்கின் மேலும் மாறி மாறிக் காட்டுங்கள். 65 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். அலுமினிய டேப்போ உலோக ஃபிரேமோ பக்கத்தில் இருந்தால் அதன்மேல் காட்டி அளக்காதீர்கள், பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி பொய் சொல்லும்.

பதம் வந்ததா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் பதிந்தால் வந்துவிட்டது. இப்போது எபாக்ஸி பழைய செருப்புத் தோல் போல வளையும். பிளாஸ்டிக் பிளேடால் ஓரத்தைக் கிளப்பி, விரலால் பிடித்துப் பின்பக்கமாக மடித்து, படுக்கை வாட்டில் உரியுங்கள். பாதியில் இறுகினால் மறுபடி சூடாக்குங்கள், இழுக்காதீர்கள். முடிந்ததும் தானாக ஆறட்டும். ஈரத் துணியை வைத்துச் சட்டென்று குளிரவைக்க வேண்டாம்.

65 டிகிரியிலும் நகம் பதியவில்லையா? அந்த எபாக்ஸி அதிக வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டதாக இருக்கலாம். விமானக் கட்டமைப்புக்கான பிசின்களை அடுப்பில் வைத்து இறுக்குவது வழக்கம். அப்போது இளகும் வெப்பமும் உயர்ந்துவிடும். அதற்காக 80, 90 என்று ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். நமக்கிருந்த சந்து அடைபட்டுவிட்டது, இனிச் சீவல்தான்.

படி 5: மேட்டைச் சீவுவது

இங்கேதான் பொறுமை தேவை. ஸ்கிரேப்பர் தகட்டின் வெட்டும் ஓரத்தில், இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நடுவில் சொட்டைவிடச் சற்று அகலமாக மட்டும் வெறும் உலோகம் தெரியட்டும். டேப்பின் கனம் ஏறத்தாழ 0.18 மி.மீ. தகட்டை நிமிர்த்திப் பிடித்து இழுக்கும்போது டேப் சுற்றிய முனைகள் கேனபியில் வழுக்கிக்கொண்டு போகும். நடுப்பகுதி அந்த 0.18 மி.மீ. உயரத்துக்கு மேல் இருக்கும் எபாக்ஸியை மட்டும் சீவும். சமமான பரப்பில் அதற்குக் கீழே இறங்காது. இந்தச் சமயத்தில் தகட்டுப் பாதையில் உள்ள காவல் டேப்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உயரக் கணக்கு தவறும்.

சீவல் வருவது நின்றதும் இன்சுலேஷன் டேப்பை அவிழ்த்துவிட்டு செல்லோ டேப்பைச் சுற்றுங்கள். அது 0.05 மி.மீ. அளவுதான். மறுபடி சீவல் வரத் தொடங்கும், பிறகு நிற்கும். இப்போது மிஞ்சியிருப்பது காகிதத்தைவிட மெல்லிய படலம். கேனபி வெளிப்புறமாக வளைந்திருப்பதால் தகட்டின் வெட்டும் ஓரத்தை வளைவு குறைந்த திசையில் படியவைத்துச் சிறு சிறு இழுப்பாக இழுங்கள். உட்புறத்தில் தகட்டின் நடுப்பகுதி தூக்கலாக நின்று சீவாது. அங்கே குறுகிய தகட்டை லேசாக வளைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

படி 6: தண்ணீர் போட்டுத் தேய்ப்பது

இதுவரை கேனபியின் பளபளப்பு போகவில்லை. இனிப் போகும், பிறகு திரும்பி வரும். மெல்லிய படலம் பார்வைக்கு இடைஞ்சல் இல்லாத இடம் என்றால் படி 5-லேயே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. தேய்ப்பது எபாக்ஸியோடு அக்ரிலிக்கையும் சேர்த்தே எடுக்கிறது.

தேய்ப்பதென்று முடிவானால், வேலை நடக்கும் மிக மென்மையான தாளில் தொடங்குங்கள். வாட்டர் பேப்பரில் 600 அல்லது 800 போதும். பிறகு 1000, 1500, 2000. மைக்ரோ-மெஷ் தொகுப்பு வைத்திருந்தால் அதையே முதலிலிருந்து பயன்படுத்துங்கள்: 1500, 1800, 2400, 3200, 3600, 4000, 6000, 8000, 12000. இரண்டின் எண்களையும் ஒப்பிடாதீர்கள். மைக்ரோ-மெஷ் 1500, அதே எண்ணுள்ள வாட்டர் பேப்பரைவிட நன்றாகவே சொரசொரப்பானது.

தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். மென்மையான ரப்பர் அல்லது ஃபோம் கட்டையில் சுற்றுங்கள். சோப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் தேய்த்து, அடுத்த தாளுக்கு மாறும்போது திசையைச் செங்குத்தாக மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் பரப்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக்குங்கள். ஒரு செ.மீ. சொட்டுக்குக் கடைசியில் உள்ளங்கையைவிடப் பெரிய வட்டம் மங்கலாகியிருந்தால் சரி. அந்த இடத்தை மட்டும் ஆழமாகத் தேய்த்தால் அங்கே ஒரு லென்ஸ் உருவாகிவிடும். ஓடுபாதை அதனூடே நெளியும்.

முதல் தாளிலேயே எபாக்ஸி முழுதும் போயிருக்க வேண்டும். போனதா என்று ஈரத்தில் தெரியாது. துடைத்துக் காயவிட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்: எபாக்ஸி மிச்சமிருந்தால் மங்கலின் நடுவே வேறொரு மங்கலாக, தீவின் கரைபோல ஓர் எல்லைக்கோடு தெரியும். கோடு மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள்.

படி 7: பளபளப்பு

நோவஸ் என்றால் 3, 2, 1 என்ற வரிசை: 3 பெரிய கீறலுக்கு, 2 நுண்கீறலுக்கு, 1 கடைசித் துடைப்புக்கு. மைக்ரோ-மெஷ் 12000 வரை வந்தவர்களுக்கு 2-லிருந்தே தொடங்கலாம். கையால் செய்வது நல்லது. மெஷின்தான் என்றால் குறைந்த வேகம், ஃபோம் பேட், ஓரிடத்தில் நிற்காத கை. அடிக்கடி நிறுத்தி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் அதிகம். உரசல் சூட்டில் மேற்பரப்பு உருகி இழுபடும். உருகாவிட்டாலும் உள்விசை ஏறி, பின்னாளில் விரிசலுக்கு வழி வைக்கும்.

சரிபார்ப்பது

விமானியின் இருக்கையில் உட்கார்ந்து, அந்த இடத்தினூடே தொலைவில் உள்ள செங்கல் சுவரையோ ஜன்னல் கம்பிகளையோ பாருங்கள். தலையை மெல்ல இடவலமாக ஆட்டுங்கள். கோடுகள் அந்த இடத்தில் துள்ளினால் பள்ளம் இருக்கிறது. மெல்லிய தாளால் சுற்றுவட்டாரத்தை இன்னும் விரித்துத் தேய்த்தால் துள்ளல் தணியும். விமானி நேராகப் பார்க்கும் பகுதியில் துள்ளல் தணியவில்லை என்றால் கேனபியை மாற்றுவது பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

அக்ரிலிக் பட்டறைகளில் வெட்டித் தேய்த்த துண்டை 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து உள்விசையைப் போக்குவார்கள். ஃபிரேமில் ஒட்டிய கேனபிக்கு அந்த வழி இல்லை. ஆகவே தேய்த்த இடத்தில் சோப்புத் தண்ணீரையும் பிளாஸ்டிக் பாலிஷையும் தவிர வேறெதையும் படவிடாதீர்கள். அடுத்த சில வாரங்களுக்கு அவ்வப்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விரிசல் எட்டிப்பார்க்கிறதா என்று கவனியுங்கள். பதிவு பெற்ற விமானம் என்றால் செய்த வேலையைப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும்.

அடுத்த முறை ஒட்டும்போது

கேனபியின் இரு பக்கமும் ஒட்டுக்கோட்டை ஒட்டி இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு. காகித மாஸ்கிங் டேப் எபாக்ஸியை உறிஞ்சிக்கொண்டு கூடவே இறுகிவிடும், அது வேண்டாம். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்திச் சீல் செய்யுங்கள். கசிவு தொடங்குவது அங்கேதான். அதற்கப்பால் முழுக்கப் பாலிதீன்.

டேப்பை எப்போது உரிப்பது என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். எபாக்ஸி முழுதாக இறுகக் காத்திருக்காதீர்கள். கலவைக் கிண்ணத்தில் மிஞ்சியதை அவ்வப்போது குத்திப் பாருங்கள். விரலில் ஒட்டாமல், நகத்துக்கு மட்டும் இடம் கொடுக்கும் பதத்தில் டேப்பை உரித்தால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் வரும். வழிந்த சொட்டும் அந்தப் பதத்தில் பிளாஸ்டிக் பிளேடுக்கே முழுசாக வந்துவிடும். இரண்டாவது அடுக்கு ஃபைபர்கிளாஸ் போட வேண்டியிருந்தால் புது டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பழையதன்மேலேயே மாதக்கணக்கில் வேலை செய்தால், எபாக்ஸியோடு டேப்பின் பசையையும் சேர்த்துச் சுரண்ட வேண்டிவரும்.